கால் வேலி

1

இந்த வருடம் என் தம்பி செல்வம் விழிதியூரில் ஐந்து மா நஞ்சையில் சம்பா போடவில்லை. அவன் வீட்டுச் சாப்பாட்டுக்கு நெல் வருகிற ஐந்து மா அது. மற்ற நிலத்து நெல் களத்திலிருந்தே விற்பனைக்குப் போய்விடும். போடாததற்குக் காரணம் மேட்டூர் திறக்காததோ, விதை கிடைக்காததோ இல்லை. காரணம் நான். பிரான்சில் காரை ஓரமாக நிறுத்திவிட்டு நான் அனுப்பிய நாற்பது நொடிக் குரல்செய்தி.

நான் இங்கே வந்து பதினெட்டு வருடம் முடிந்த வாரத்தில்தான் இது எனக்குத் தெரிய வந்தது. வருடா வருடம் அந்தத் தேதியில் என் கணவர் ஒரு கேக் வாங்கி வருவார். அவர் இங்கேயே பிறந்தவர். அவருடைய தாத்தா காரைக்காலிலிருந்து பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போனவர். இந்த முறை கேக் இரண்டு நாள் அப்படியே குளிர்பெட்டியில் இருந்தது. கோபத்தில் எனக்கு இனிப்பு இறங்காது. அதுவும் என் மேலேயே வந்த கோபம்.

என் வேலையைச் சொன்னால்தான் இதன் அவமானம் புரியும். பிரான்சின் தென்மேற்கில் ஒரு விவசாயிகள் சங்கத்தில் நான் மர ஆலோசகர். பயிரும் மரமும் ஒரே நிலத்தில் சேர்ந்து இருக்க வேண்டுமானால் எந்த மண்ணில் எந்த மரம், எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கம், எத்தனை இடைவெளி என்று சொல்வதற்குத்தான் சம்பளம். தமிழில் இதை வேளாண்காடு என்று எழுதுகிறார்கள். ஊரில் ஒருவரிடம்கூட நான் அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்ததில்லை. சொல்லியிருந்தால் ஒருவேளை நல்லதாகப் போயிருக்கும். ஒன்றும் புரியவில்லை என்று விட்டிருப்பார்கள்.

2

இங்கே ஒரு மரம் நடுவதற்கு முன்னால் நாங்கள் குழி வெட்டுவோம். மரத்துக்கான குழி இல்லை, மண்ணைப் பார்ப்பதற்கான குழி. இடுப்பளவு ஆழம். அதில் இறங்கி மண்ணை விரலால் உருட்டி, நாக்கில்கூட வைத்துப் பார்த்து, ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று காத்திருப்போம். போன ஆகஸ்டில் பெர்னார் என்ற கோதுமை விவசாயியின் நிலத்தில் அப்படி மூன்று குழி வெட்டினோம். அவருடைய நிலம் ஒரு சரிவு. மேலே வெள்ளைச் சுண்ணாம்புக் கல், நடுவில் நல்ல மண், கீழே ஓடை ஓரத்தில் களி. மேலே வைக்கிற மரத்தைக் கீழே வைத்தால் வேர் அழுகிவிடும். கீழே வைப்பதை மேலே வைத்தால் ஒரே கோடையில் குச்சியாகிவிடும். பெர்னாருக்கு மூன்று இடத்திலும் வால்நட் வேண்டும். அவருடைய மாமனார் நிலத்தில் வால்நட் நன்றாக வந்ததாம். மாமனார் நிலம் வேறு, உங்கள் நிலம் வேறு என்று அவருக்குப் புரியவைக்க எனக்கு முழுக் காலை ஆயிற்று.

திரும்பி வரும்போது மனமெல்லாம் விழிதியூர்தான். எங்கள் காரைக்காலை ஒரே நாளில் சைக்கிளில் சுற்றி வந்துவிடலாம். அதற்குள்ளேயே எத்தனை மண். கீழவாஞ்சூர்ப் பக்கம் கடல் மணல், அங்கே சவுக்கு வரும். நெடுங்காட்டுப் பக்கம் வாய்க்கால் தண்ணீர் ஓடுகிற மண், வரப்பில் தென்னை நிற்கும், மேடாக இருந்தால் தேக்குகூட நிற்கும். எங்கள் நிலமோ களி. ஐப்பசி, கார்த்திகையில் முழங்கால் தண்ணீர் நிற்கும். அடியில் உப்பு. கதிர் முற்றுகிற நேரத்தில் காற்று அடித்துப் பயிர் சாய்ந்துவிடும். இங்கே செய்வதுபோல வயலுக்குள் வரிசை வரிசையாக மரம் வைப்பது அங்கே பைத்தியக்காரத்தனம். நெல்லுக்கு வெயில் போகும், தண்ணீரில் மரமும் போகும். ஆனால் வயலைச் சுற்றி வரப்பில் ஒரு மர அடைப்பு வைத்தால் காற்றைத் தடுக்கும். உப்பையும் தண்ணீரையும் தாங்குகிற மரமாக இருக்க வேண்டும். பூவரசும் புன்னையும். பூவரசுக்குச் செலவே இல்லை, கிளையை வெட்டிப் போத்தாக ஊன்றினாலே பிடித்துக்கொள்ளும்.

இதில் ஒரு பிசகும் இல்லை. இன்றைக்கும் சொல்கிறேன், என் சங்கத்தில் யாரிடம் காட்டினாலும் இதைச் சரி என்பார்கள்.

காரை நிறுத்தினேன். செல்வத்துக்குப் பேசி அனுப்பினேன். "செல்வம், நம்ம நெலத்துக்கு மரம் வைக்கணும்டா. மொதல்ல கால் வேலி போடு. கெழக்குப் பக்கத்துலேர்ந்து ஆரம்பி. பூவரசு, நடுநடுவுல புன்னை. ரெண்டு மீட்டருக்கு ஒண்ணு. பொழச்சுதுன்னா அடுத்த வருஷம் மிச்சத்தையும் போட்டுரலாம்."

தஞ்சை, நாகை, காரைக்கால் பக்கத்து ஆட்கள் இந்த இடத்திலேயே தலையில் கைவைத்திருப்பார்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் வேலி என்றால் அடைப்பு மட்டும் இல்லை, நிலத்தின் அளவும்தான். இருபது மா சேர்ந்தால் ஒரு வேலி. கால் வேலி என்றால் ஐந்து மா. நான் சொல்ல நினைத்தது நிலத்தைச் சுற்றி வைக்க வேண்டிய அடைப்பில் கால்வாசி. நான் சொன்னதோ ஐந்து மா நிலம்.

அவன் கண்ணை மூடிக்கொண்டு செய்துவிடவில்லை. மறுநாள் கூப்பிட்டான். நான் கூட்டத்தில் இருந்ததால் எடுக்கவில்லை. "கால் வேலி முழுசாவா அக்கா?" என்று எழுதிக் கேட்டான். மேசைக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு நான் பதில் எழுதினேன். "ஆமா. கால் வேலி. அதுக்கு மேல இப்ப வேணாம்."

3

டிசம்பரில் சங்கத்தில் ஒரு நிகழ்ச்சி. வெவ்வேறு நாட்டு மண்ணில் மரமும் பயிரும் எப்படிச் சேர்கின்றன என்று ஆளுக்கு ஒரு படம் காட்ட வேண்டும். செல்வத்திடம் வீடியோ கேட்டேன். அனுப்பினான்.

முதலில் வேறு யாருடைய நிலமோ என்று நினைத்தேன். தண்ணீருக்கு நடுவில் வரிசை வரிசையாகப் பூவரசம் போத்து. ஒவ்வொன்றிலும் இதய வடிவ இலை தளதளவென்று விரிந்திருக்கிறது. கேமரா மெதுவாகத் திரும்புகிறது, மரம் முடியவே இல்லை. அப்புறம் எங்கள் மதகு தெரிந்தது. மதகை ஒட்டிய கிழக்கு ஐந்து மா.

என் மகள் நிலாவுக்குப் பதினான்கு வயது. தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தவள், "இது 'எ' இல்லையே அம்மா, காடுல்ல?" என்றாள், பிரெஞ்சில்தான். மர அடைப்புக்குப் பிரெஞ்சில் 'எ' என்றுதான் பெயர். எழுத நான்கு எழுத்து, சொல்ல ஒன்று.

உடனே செல்வத்தைக் கூப்பிட்டேன்.

"என்னடா இது? வயலுக்குள்ள வச்சிருக்க?"

"நீதானே அக்கா சொன்ன?"

"நான் எங்கடா வயலுக்குள்ள வைக்கச் சொன்னேன்?"

"கால் வேலி போடுன்னு சொன்ன. கெழக்குலேர்ந்து ஆரம்பின்னு சொன்ன. ரெண்டு மீட்டருக்கு ஒண்ணுன்னு சொன்ன. டேப் புடிச்சி அளந்துல்ல நட்டோம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கிழக்குப் பக்கம் அவனுடைய பங்கு. அப்பா எழுதி வைத்தபடி மேற்கே பத்து மா என் பெயரில், கிழக்கே பத்து மா அவன் பெயரில். இரண்டையும் அவன்தான் பார்க்கிறான். நான் கிழக்கு என்று சொன்னேன் என்பதற்காகத் தன் பங்கில், மதகுத் தண்ணீர் முதலில் பாயும் நிலத்தில், ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் குச்சி நட்டிருக்கிறான். அதோடு அடுத்த வருடம் மிச்சத்தையும் போடலாம் என்று வேறு சொல்லியிருக்கிறேன். அந்த மிச்சம் என்பது அவன் கணக்கில் இன்னும் பதினைந்து மா. நான்கு மாதமாக அந்தப் பயத்தோடு அவன் தூங்கியிருக்க வேண்டும்.

நான் சொல்ல வந்தது என்ன என்பதை அன்றைக்கு அவனிடம் சொல்லவில்லை. "பிப்ரவரியில வரேன், நேர்ல பேசுவோம்" என்று வைத்துவிட்டேன். கோழைத்தனம்தான்.

4

வெறுத்துப்போய்ச் சில நாள் அந்த ஒரு சொல்லையே புரட்டிக்கொண்டிருந்தேன். வேலியில கால்வாசி என்று சொல்லியிருந்தால் போதும். உயிர்வேலி என்று சொல்லியிருந்தால் போதும். வரப்போரம் என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் போதும். என் வாய் அன்றைக்குக் காலை முழுவதும் பெர்னாரோடு பிரெஞ்சு பேசிக் களைத்திருந்தது. பிரெஞ்சில் கால்வாசி என்பது முன்னால் வரும், 'எ' பின்னால் வரும். அதே வரிசையில் தமிழைக் கோத்துவிட்டேன். சொற்கள் ஒவ்வொன்றும் சுத்தமான தமிழ். பத்து வயதில் எனக்கு வாய்பாடு மாதிரி தெரிந்த அளவு அது. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. எங்கே போயிற்று?

இந்த நாட்டுப் படிவங்களை நான் திட்டாத நாளில்லை. பெர்னாரின் மரங்களுக்கு மட்டும் பதினோரு பக்கம் நிரப்பினேன். நட்டபிறகு பிடுங்க வேண்டுமென்றால் அதற்குத் தனி அனுமதி, தனிக் காகிதம். என் பிறந்த ஊரை எழுதினால் அது ஆப்பிரிக்காவிலா என்று கேட்கிற ஆட்கள். ஆனால் அதே படிவத்தில் மர அடைப்புக்கு மீட்டர் என்று ஒரு பெட்டி, தோப்புக்கு எக்டேர் என்று வேறு பெட்டி. யாராலும் ஒன்றை மற்றொன்றில் போட முடியாது. என் தம்பிக்கும் ஒரு படிவம் அனுப்பியிருக்கலாம். குரல்செய்தி அனுப்பினேன், பாசமாக இருக்கட்டும் என்று.

நிலாவின் தமிழைப் பற்றி இத்தனை வருடம் நான் பாடிய பாட்டை நினைத்தாலும் எரிச்சல் வருகிறது. அவள் "மாமா வந்தாங்க" என்பதற்கு "மாமா வந்துச்சு" என்றால் நான் சாப்பாட்டு மேசையிலேயே பாடம் எடுப்பேன். அவளுடைய பிழையால் ஒரு மா நிலம்கூடத் தரிசாகவில்லை. விஷயத்தைச் சொன்னதும் அவள் சிரிக்கவில்லை. "மாமா உன்னை நம்பிட்டாங்க" என்று தமிழில் சொல்லிவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். வாக்கியத்தில் ஒரு பிழையும் இல்லை.

5

பிப்ரவரியில் பள்ளி விடுமுறையில் நிலாவோடு ஊருக்குப் போனேன். முதல் நாள் மத்தியானம் செல்வத்தின் மனைவி மல்லிகா சோறு போட்டாள். ஒரு வாய் வைத்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்குத் தெரிந்துவிட்டது என்பது அவளுக்கும் தெரிந்தது.

"இந்த வருஷம் கடை அரிசிதான் அண்ணி. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க."

"நல்லாத்தான் இருக்கு மல்லிகா."

"எங்க நல்லாருக்கு? நான் கல்யாணமாகி வந்து இந்த வீட்ல அரிசி மூட்டை உள்ள வந்ததே இல்ல. வெளியதான் போவும். வண்டிக்காரன் எறக்கிட்டுப் போறப்ப தெருவே பாத்துச்சு."

அவள் குத்திக் காட்டவில்லை. நடந்ததைச் சொன்னாள். நான் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டேன்.

தெருவில் நடந்தால் வேறு விதம். டீக்கடையில் ஒருவர், "பிரான்சு அக்காவா? வாங்க வாங்க. கொழுக்கட்டைக்கு எலை பறிக்க எங்க வீட்டுப் பொம்பளைங்க இப்ப உங்க வயலுக்குத்தான் போறாங்க" என்றார். பக்கத்தில் இருந்தவர், "எலையா? ஊருக்கே பீப்பி செஞ்சி ஊதலாம்ல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்து வைத்தேன். செல்வம் சிரிக்காமல் டீயை ஆற்றிக்கொண்டிருந்தான். இதை அவன் ஆறு மாதமாகக் கேட்டிருக்கிறான்.

போத்து வெட்டக் கிளை போதாமல் ஊரில் பாதிப் பேர் வீட்டு அடைப்பிலிருந்து கேட்டு வாங்கி வந்தானாம். ஆயிரத்துக்கு மேல் குச்சி. எதற்கு என்று கேட்டவர்களிடம் அக்கா பெரிய படிப்பு படித்தவள், அங்கே அதுதான் வேலை, காரணம் இல்லாமல் சொல்ல மாட்டாள் என்றானாம். இதை அவன் சொல்லவில்லை, மல்லிகா சொன்னாள்.

அடுத்த இம்சை தாலுகா ஆபீசில். பயிர்க் கணக்கு எடுக்க வந்தவர் அந்த ஐந்து மாவைப் பார்த்துவிட்டு மரம் என்று எழுதிக்கொண்டு போயிருக்கிறார். மழையில் பயிர் சேதம் என்று ஊரில் எல்லோரும் மனு கொடுத்தபோது இவனுடைய ஐந்து மா அதில் வரவில்லை. மரத்தை எடுத்துவிடலாம் என்று வந்த அன்றே அவனிடம் சொல்லியிருந்தேன், காரணத்தை மட்டும் சொல்லவில்லை. மறுபடி நெல் என்று மாற்ற ஒரு மனு வேண்டும், மனுவில் காரணம் வேண்டும். நான் இருக்கிற தைரியத்தில் அவனையும் அழைத்துக்கொண்டு போனேன். மேசையில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார்.

"எதுக்கு வச்சீங்க?"

"எங்க அக்கா சொன்னாங்க சார்."

"இப்ப எதுக்கு எடுக்கறீங்க?"

செல்வம் என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறப்பதற்குள், "புரியாம வச்சிட்டேன் சார்" என்றான்.

"அப்படில்லாம் எழுத முடியாதுங்க. மரம் பட்டுப்போச்சுன்னு எழுதிக் குடுங்க."

பட்டுப்போகவில்லை, அதுதான் கொடுமை. புன்னைக் கன்றுகள் மட்டும் தண்ணீரில் போய்விட்டன. பூவரசு ஒன்றுகூடச் சாகவில்லை. உப்புக்கும் களிக்கும் தேங்கிய தண்ணீருக்கும் தாங்குகிற மரமாகப் பார்த்துப் பார்த்துச் சொன்னவள் நான். அது அப்படியே தாங்கிவிட்டது. என் இத்தனை வருட வேலையில் இத்தனை நன்றாக மண்ணுக்குப் பொருந்திய மரத்தை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. தவறான மரத்தைச் சொல்லித் தொலைத்திருந்தால் கார்த்திகையிலேயே எல்லாம் அழுகி, தையில் அவன் உளுந்தாவது தெளித்திருப்பான்.

6

ஈரம் காய்வதற்குள் பிடுங்க வேண்டும் என்றான் செல்வம். களி காய்ந்துவிட்டால் கடப்பாரை கேட்கும், அடியில் விட்டுப்போன கட்டை மறுபடி துளிர்க்கும். மறுநாள் காலை ஆறு மணிக்கே போனோம். சுற்றிலும் எல்லோருடைய வயலிலும் அறுப்பு முடிந்து தாளுக்கு நடுவில் உளுந்து இரண்டு இலை விட்டிருந்தது. நடுவில் எங்கள் ஐந்து மா பூவரசு மட்டும் தலையாட்டிக்கொண்டு நின்றது.

பத்துப் பதினைந்து பிடுங்கியிருப்போம். எனக்கு மூச்சு வாங்கியது. இதற்கு மேல் தள்ளிப்போட முடியாது என்று சொல்லிவிட்டேன்.

"செல்வம், நான் நெலத்தைச் சொல்லல்லடா. வேலின்னு அடைப்பைச் சொன்னேன். சுத்தி வைக்கறதுல கால்வாசி. கால் வேலின்னா அஞ்சு மான்னு எனக்கு அந்த நேரத்துல தோணவே இல்ல."

அவன் நிமிர்ந்தான். கையில் இருந்த போத்திலிருந்து சேறு சொட்டிக்கொண்டிருந்தது. டிசம்பரிலேயே அவன் ஊகித்திருப்பான் என்று நான் நினைத்திருந்தேன். அவன் முகத்தைப் பார்த்தால் இல்லை. தன் நிலத்தைப் பற்றி நான் ஏதோ பெரிதாக யோசித்து, அது சரிப்பட்டு வரவில்லை என்றுதான் இதுவரை நினைத்திருக்கிறான்.

"தோணலையா?"

"தோணலைடா."

"டீக்கடையில அப்பவே சொன்னானுங்க. உங்க அக்கா அடைப்பைச் சொல்லியிருக்கும்டா, நல்லாக் கேளுன்னு. நான்தான் சண்டை போட்டேன். எங்க அக்கா இந்த ஊர்ல பொறந்தது, கால் வேலின்னா என்னான்னு அதுக்குத் தெரியாதாடான்னு."

எனக்கு அழுகை வந்தது. அழுதால் அவன் என்னைச் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும், அந்த வேலையையும் அவனுக்குக் கொடுக்க வேண்டாம் என்று அடக்கிக்கொண்டேன். அடக்கிய வேகத்தில் வாய் பழைய வழிக்கே போனது.

"ஒண்ணும் வீணாப்போவல. பிடுங்கினதை அப்படியே வரப்புல ஊணிடலாம். மதகுலேர்ந்து ஆரம்பிச்சு, ரெண்டு வரிசை, எடைவெளி மட்டும் கொஞ்சம்…"

"அக்கா."

நிறுத்தினேன். அவன் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்தால் தாங்கியிருப்பேன்.

"இனிமே நெலத்தைப் பத்தி எதாச்சும் சொல்லணும்னா பிரெஞ்சுலயே சொல்லு. புரியலன்னா, புரியலன்னாவது எனக்குப் புரியும்ல."

சொல்லிவிட்டு அடுத்த போத்தை இரண்டு கையாலும் பிடித்தான்.